குட்டி நாய் கையையும் காலையும் விட்டுவைக்க மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

தூக்கம்கெட்டவள் | முதல் நாள், இரவு 11:40

வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிச்சுட்டு மட்டும் போறவ நான். எழுதுறது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு ஒரு குட்டி வந்து பன்னிரண்டு நாள் ஆகுது. வயசு பத்து வாரம். பேர் வாலு. பேர் வெச்சது என் பொண்ணு. பேருக்குக் குறை வைக்காம நடந்துக்குறான். பகல்ல பாதி நேரம் சமத்து. சாயந்திரம் ஏழு மணி ஆனா போதும், வேற ஏதோ புகுந்த மாதிரி ஆயிடுறான். காதைப் பின்னாடி மடக்கிக்கிட்டு வீட்டைச் சுத்தி நாலு ஓட்டம், அப்புறம் நேரா கால்தான். பேன்ட்டைக் கவ்வினா விடுறதில்லை. கையை நீட்டித் தடுத்தா கையைப் பிடிச்சுக்கிறான். கடிக்கும்போது உறுமல் வேற.

"ஆ"ன்னு கத்திப் பார்த்தேன், இன்னும் குஷியாயிட்டான். "வேண்டாம்"னு அதட்டினா குரைக்கிறான். அத்தை, மூக்குல ஒண்ணு வைங்கறாங்க. வீட்டுக்காரர், குட்டிதானே விடுங்கறார். பொண்ணுக்கு ஆறு வயசு, சாயந்திரம் சோபா மேல ஏறினா இறங்குறதே இல்லை. நேத்து அவ குதிகால்ல பல் பட்டுக் கொஞ்சம் ரத்தம் வந்துடுச்சு. கழுவி மருந்து போட்டுட்டேன்.

இது முரட்டுக் குட்டியா? உண்மையைச் சொல்றேன், திருப்பிக் கொடுத்துடலாமான்னு கூட தோணுது. தோணினதுக்கே அழுகை வருது.

---

கறார்பேர்வழி | முதல் நாள், இரவு 11:52

சகோ, செல்லம் கொடுத்தா தலைல ஏறத்தான் செய்யும். அடுத்த தடவை கடிச்சா கழுத்தைப் பிடிச்சு மல்லாக்கப் போட்டு, அடங்குற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. வீட்டுக்கு யார் தலைவன்னு அதுக்குத் தெரியணும். ஓநாய்க் கூட்டத்துல அப்படித்தான். மூணே நாள்ல சரியாயிடும்.

---

வெள்ளைக்கோட்டு | இரண்டாம் நாள், காலை 6:15

கால்நடை மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். குட்டியின் பழக்கத்தைப் பிறகு பேசலாம். முதலில் குழந்தையின் குதிகால்.

பத்து வாரக் குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க மாட்டார்கள், அது பொதுவாக மூன்று மாதத்தில்தான். குட்டி என்பதால் ரேபீஸ் இருக்காது என்று சொல்ல முடியாது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது மூன்றாம் வகைக் காயம். அதற்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) தேவைப்படும். எது, எத்தனை தவணை என்பதைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். இன்றே போங்கள். "குட்டி நல்லாத்தானே இருக்கு, பார்த்துட்டுப் போகலாம்" என்று காத்திருக்க வேண்டாம். நாயைப் பத்து நாள் கவனிப்பது வேறு, அது ஊசி போட்டுக்கொண்டே செய்ய வேண்டியது.

இனி எப்போது பல் பட்டாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். பெரும்பாலானோர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். காயத்தின் மேல் எதையும் அப்பக் கூடாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாத நோய் அது. முன்பே ஊசி போட்டால் வராமல் தடுத்துவிடலாம்.

---

நாலுகால்நட்பு | இரண்டாம் நாள், காலை 8:30

டாக்டர் சொன்னதை முடித்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

சகோதரி, உங்கள் வாலு முரடன் இல்லை. குட்டி நாய்க்கு வாய்தான் கை. நம் குழந்தை எதையும் தொட்டுப் பார்ப்பது போல இது கவ்விப் பார்க்கிறது. பால்பல் மொத்தம் 28, ஒவ்வொன்றும் ஊசி. ஆனால் தாடையில் இன்னும் பலம் ஏறவில்லை. பலமில்லாத தாடைக்கு எதற்கு இவ்வளவு கூர்மை என்று யோசித்திருக்கிறீர்களா? லேசாகக் கவ்வினாலே எதிரில் இருப்பவனுக்கு வலிக்கும், உடனே ஆட்டம் கலையும். கூடப்பிறந்ததுகளோடு உருளும்போது இது திரும்பத் திரும்ப நடக்கும். பால் குடிக்கும்போது அழுத்திக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். இப்படித்தான் "இவ்வளவு அழுத்தினால் கூட்டாளி போய்விடுவான்" என்ற கணக்கு குட்டிக்குப் பிடிபடுகிறது. எட்டு வாரத்துக்கு முன்பே பிரித்துக் கொண்டுவரும் குட்டிகள் அந்தப் பாடத்தைப் பாதியில் விட்டவை. உங்களுடையது எட்டு வாரம் முடிந்து வந்திருக்கிறது, நல்லது. மிச்சப் பாடம் உங்கள் வீட்டில்.

உறுமலைப் பற்றி. காதை விட்டு உடம்பைப் பாருங்கள். முன்னங்கால் தாழ்ந்து பின்புறம் தூக்கி, உடம்பு முழுக்கக் குழைந்து நெளிந்தால் அது விளையாட்டு உறுமல். அப்படியே உறைந்து நின்று, வாயை மூடி, உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தால் அது வேறு கதை. அப்போது கையை நீட்டாதீர்கள், வந்து எங்களிடம் சொல்லுங்கள்.

இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் குட்டிகளின் கடி பற்றி நிறைய வேலை செய்தவர். அவர் சொல்லும் வரிசை எனக்குப் பிடிக்கும்: முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்கப் பழக்கு, பிறகு கடிக்கும் தடவையைக் குறை. முதல் நாளே வாயைப் பூட்டிவிட்டால் தன் தாடையின் பலம் அதற்குத் தெரியாமலே வளர்ந்துவிடும். நாளை பெரிய நாயான பிறகு கதவிடுக்கில் வால் மாட்டி, வலியில் திரும்பிக் கவ்வும் ஒரு நொடி வரலாம். அன்றைக்குப் பல் தோலைத் தொட்டு விலகுமா, உள்ளே இறங்குமா என்பது இந்தச் சில மாதப் பழக்கத்தைப் பொறுத்தது.

செய்முறை: வலிக்கிற மாதிரி கடித்த அந்த நொடியே பேச்சு இல்லை, பார்வை இல்லை. எழுந்து, குட்டி தாண்ட முடியாத ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். முப்பது வினாடி போதும். திரும்பி வந்து சாதாரணமாக விளையாடுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்தால் எதற்குப் போனீர்கள் என்றே அதற்கு ஞாபகம் இருக்காது. கையால் தள்ளாதீர்கள், குட்டியின் அகராதியில் தள்ளுவது என்றால் "வா, இன்னொரு ரவுண்டு" என்று அர்த்தம். "ஆ" சத்தமும் சில குட்டிகளுக்கு அப்படித்தான்.

ரெண்டு கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறான்? வீட்டில் யாராவது வெறும் கையால் மல்லுக்கட்டி விளையாடுகிறார்களா?

---

பழையகயிறு | இரண்டாம் நாள், காலை 10:05

//முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்கப் பழக்கு, பிறகு கடிக்கும் தடவையைக் குறை//

தம்பி சொல்றது பெரியவங்க மட்டும் இருக்கிற வீட்டுக்குச் சரி. ஆறு வயசுக் குழந்தை இருக்கிற வீட்ல, "இது மெதுவான கடி, போகட்டும், இது அழுத்தமான கடி, கூடாது"ன்னு யார் தராசு பிடிக்கிறது? குழந்தைக்கு எல்லாமே கடிதான். அந்த மாதிரி வீட்ல நான் சொல்றது ஒண்ணுதான்: தோல்ல பல் பட்டா ஆட்டம் முடிஞ்சது. எல்லாருக்கும் ஒரே சட்டம்.

இன்னொண்ணு, குட்டியும் குழந்தையும் தனியா ஒரே அறையில இருக்கக் கூடாது. நீங்க அடுப்படிக்குப் போனா ஒண்ணு உங்க கூட வரணும். குழந்தைக்கு "மரம் மாதிரி நில்லு"ன்னு கத்துக் கொடுங்க. கையை மடக்கி உடம்போட ஒட்டி, தரையைப் பார்த்துக்கிட்டு அசையாம நிக்கணும். ஓடுற கால்தான் குட்டிக்கு வேட்டை. மந்தை மேய்க்கிற ரகமா இருந்தா கேக்கவே வேண்டாம், குதிகாலைக் கவ்வுறது அதுங்களுக்குப் பரம்பரைத் தொழில்.

---

நாலுகால்நட்பு | இரண்டாம் நாள், காலை 10:40

பழையகயிறு ஐயா, குழந்தை விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். பெரியவர்களோடு அழுத்தப் பாடம், குழந்தையிடம் பல்லே படக் கூடாது.

---

தூக்கம்கெட்டவள் | இரண்டாம் நாள், மதியம் 3:20

ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டோம். முதல் ஊசி போட்டாச்சு, காயத்தைச் சுத்தியும் போட்டாங்க. பொண்ணு அழுதா, நானும் அழுதேன். "ஏன் நேத்தே வரல"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வாய் வரல. டாக்டர், நீங்க எழுதலைன்னா நான் போயிருக்கவே மாட்டேன். நன்றின்னு ஒரு வார்த்தையில சொல்லிட முடியாது.

நாலுகால் அண்ணா கேட்டதுக்கு: தூக்கம் பத்து, பதினோரு மணி நேரம் இருக்கும். நாங்க எங்கே போனாலும் பின்னாடியே வர்றான், படுத்தா யாராவது நடந்ததும் எழுந்துடுறான். வெறும் கை மல்லுக்கட்டு... வீட்டுக்காரர் ஆபீஸ் முடிஞ்சு வந்ததும் தரையில படுத்து கையை நண்டு மாதிரி வெச்சுக்கிட்டு ஆட்டம் காட்டுவார். நேரம்? சரியா ஏழு மணி. எழுதும்போதுதான் எனக்கே உறைக்குது.

---

பழையகயிறு | இரண்டாம் நாள், மாலை 4:10

கண்டுபிடிச்சாச்சு. கடிக்கிற பிசாசுக்குப் பேரு தூக்கம்.

அம்மா, இந்த வயசுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 18, 20 மணி நேரம் தூக்கம் வேணும். உங்க வாலு பாதிதான் தூங்குறான். தூக்கம் கெட்ட சின்னக் குழந்தை சாயந்திரம் என்ன ஆட்டம் ஆடும்னு உங்களுக்குத் தெரியாததா? படுன்னா படுக்காது, சிரிக்கும், அழும், அடிக்கும். குட்டியும் அதேதான். என்ன, அதுக்கு அடிக்கக் கை இல்லை.

என்னோட மூணாவது நாய் இப்படித்தான் என்னை ஏமாத்திச்சு. "சக்தி அதிகமா இருக்கு, ஓடவிட்டுக் களைப்பாக்கினா சரியாயிடும்"னு நினைச்சு, சாயந்திரம் ஒரு மணி நேரம் பந்து போடுவேன். கடி ரெண்டு மடங்காச்சு. இன்னும் போட்டேன். மூணு மடங்காச்சு. என் மனைவிதான் ஒரு நாள் சலிச்சுப்போய், அதைத் தூக்கி இருட்டு அறையில கம்பித் தடுப்புக்குள்ள விட்டு, மேல துணியைப் போட்டு மூடிட்டு வந்தா. ரெண்டு நிமிஷம் புலம்பல், அப்புறம் ஒரு சத்தம் இல்லை. போய்ப் பார்த்தா நாலு காலையும் விரிச்சுக் குறட்டை.

முழிச்சு ஒரு மணி நேரம் ஆச்சா, தூங்க வைங்க. குட்டி தானாத் தூங்கும்னு காத்திருக்காதீங்க, தூங்காது. தனி இடம், கொஞ்சம் இருட்டு, யாரும் குறுக்க நடக்கக் கூடாது. அந்த இடத்தைத் தண்டனையா மட்டும் ஆக்கிடாதீங்க. கடிச்சதுக்காகத் தூக்கி உள்ள எறிஞ்சா, நாளைக்கு அதுக்குள்ள போகவே போகாது. ஏழு மணிக் கச்சேரிக்கு முன்னாடி, ஆறு மணிக்கே படுக்கைக்கு அனுப்பிடுங்க.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, நண்டு ஆட்டம் இன்னையோட சரி. ஒரே கை காலைல "கடிக்காதே"ங்குது, சாயந்திரம் "கடிச்சுக்கோ"ங்குது. குட்டி எதைன்னு நம்பும்?

---

கறார்பேர்வழி | இரண்டாம் நாள், இரவு 9:15

தூங்க வைக்கணுமாம். தாலாட்டும் பாடுங்க. எங்க வீட்ல ஆறு நாய் வளர்த்தோம், எல்லாம் அடங்கி ஒடுங்கித்தான் இருந்துச்சு. ஒரு அதட்டு, ஒரு தட்டு. ஒண்ணும் கெட்டுப் போகல.

---

நாலுகால்நட்பு | இரண்டாம் நாள், இரவு 10:02

நண்பரே, அந்த ஓநாய்த் தலைவன் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை போடாமல் என்ன செய்யும்? அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் டேவிட் மீச். பல ஆண்டுகள் காட்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்த பிறகு, 1999-ல் அவரே திருத்தி எழுதினார்: காட்டில் இருக்கும் கூட்டம் ஒரு குடும்பம். "தலைவன்" என்று நாம் சொன்னது அப்பா அம்மா. சண்டையில் ஜெயித்துப் பதவிக்கு வந்தவர்கள் இல்லை.

மல்லாக்கப் போட்டு அமுக்கினால் குட்டி அடங்கும்தான். பயத்தில் உறைவதும் வெளியே பார்க்க அடக்கம் மாதிரியே இருக்கும். அதற்குப் பிறகு மனிதக் கை முகத்துக்கு அருகே வந்தாலே பயந்து முந்திக்கொண்டு கடிக்கும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். உறுமினால் அடிப்பது இன்னும் மோசம். உறுமல் எச்சரிக்கை மணி. மணியைப் பிடுங்கிவிட்டால் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும்.

---

கறார்பேர்வழி | இரண்டாம் நாள், இரவு 10:20

எங்க ஆறுல ஒண்ணு கடைசி வரைக்கும் அப்பாவைத் தவிர யாரையும் கிட்ட விட்டதில்லை. அதுக்கு இதுதான் காரணம்னு சொல்றீங்களா?

---

நாலுகால்நட்பு | இரண்டாம் நாள், இரவு 10:31

நான் பார்க்காத நாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

---

மழைக்குருவி | மூன்றாம் நாள், காலை 7:45

இழைக்கு நடுவுல புகுந்துட்டேன், மன்னிக்கணும். என்னோடது அஞ்சு மாசம். மத்த நேரம் பஞ்சு. தட்டுல சாப்பிடும்போது கிட்ட போனா மட்டும் சாப்பிடுறதை நிறுத்தி, அப்படியே கல்லு மாதிரி நின்னு, அடித்தொண்டையில உறுமுறான். நேத்து தட்டை எடுக்கப் போன தம்பியோட கையைக் கவ்விட்டான், பல் இறங்கல. இதுவும் தூக்கமா?

---

வெள்ளைக்கோட்டு | மூன்றாம் நாள், மதியம் 1:30

இல்லை. இது விளையாட்டுக் கடி இல்லை, தன் பொருளைக் காப்பாற்றும் கடி. உறைந்து நிற்பது, அடித்தொண்டை உறுமல் இரண்டும் அதன் அடையாளம். சாப்பிடும் தட்டை எடுத்து எடுத்து "பழக்குவது" இதை வளர்க்கவே செய்யும். மனிதர் வந்தால் சாப்பாடு போகும் என்று கற்றுக்கொள்கிறது. தலைகீழாக்குங்கள். உறுமாத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நகருங்கள். தினமும். "இவர்கள் வந்தால் கூடுதலாக வரும்" என்று அது உங்கள் வரவை எதிர்பார்க்கும்வரை. வாயில் எதையாவது கவ்விக்கொண்டாலும் பிடுங்காதீர்கள், பண்டமாற்று செய்யுங்கள்.

ஏற்கெனவே கவ்விவிட்டதால் இணைய அறிவுரையோடு நிற்காமல் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள். வலி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திடீரென்று மாறிய நாய்களில் காதுவலி, பல்வலி இருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பியின் கையில் கீறல் உண்டா, நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்பதையும் பாருங்கள். மேலே எழுதியது எல்லோருக்கும்தான்.

---

தூக்கம்கெட்டவள் | ஏழாம் நாள், இரவு 8:50

தூக்கம் விஷயம் கேட்டுது. பதினாறு மணி நேரம் வரைக்கும் வந்துட்டோம். சாயந்திர ஓட்டம் பாதியாக் குறைஞ்சிருக்கு.

ஆனா எழுந்து போற வைத்தியம் வேலை செய்யல. மூணு நாள் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு முன்னைவிட மோசம். நான் தடுப்பைத் தாண்டறதுக்குள்ள பாவாடையைப் பிடிச்சுத் தொங்குறான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைத் திட்டுறான், குரைப்பு இல்லை, திட்டுதான் அது.

---

பழையகயிறு | ஏழாம் நாள், இரவு 9:20

வேலை செய்யுதுன்னு அர்த்தம். தினமும் பொத்தானை அமுக்கினா லிஃப்ட் வரும். ஒரு நாள் வரலைன்னா என்ன செய்வீங்க? திரும்பிப் போக மாட்டீங்க, பத்துத் தடவை அமுக்குவீங்க, அப்புறம் கதவை ஒரு உதை. அதுக்கப்புறம்தான் படியில ஏறுவீங்க. வாலு இப்போ கதவை உதைச்சுட்டிருக்கான். இந்த நேரத்துல நீங்க விட்டுக்கொடுத்தா, "ஓ, உதைச்சாத்தான் வரும்போல"ன்னு பிடிச்சுக்குவான்.

பாவாடையில தொங்கறதுக்கு: வீட்டுக்குள்ள மெல்லிசா ஒரு கயிறு கழுத்துப் பட்டையில மாட்டி விடுங்க, நீங்க கூட இருக்கும்போது மட்டும். கையால தொடாம அதைப் பிடிச்சு நகர்த்தலாம். ஒவ்வொரு அறையிலயும் நீளமான இழுவைப் பொம்மை ஒண்ணு கிடக்கட்டும். கவ்வ வர்றதுக்கு முன்னாடி அதைத் தரையில இழுங்க. கவ்வின பிறகு கொடுத்தா அது கூலி ஆயிடும்.

---

வாலுவின்அப்பா | எட்டாம் நாள், இரவு 11:05

மேலே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நண்டு நான்தான். மனைவி இழையைக் காட்டினாள். ஒரு வாரம் முன்பே காட்டியிருக்கலாம், ஆதாரம் சேரட்டும் என்று காத்திருந்தாளாம்.

உண்மையைச் சொன்னால் நான் வந்ததும் அவன் காட்டும் சந்தோஷம் போய்விடுமோ என்றுதான் விடவில்லை. நாலு நாளாகக் கையை எடுத்துவிட்டுக் கயிறு இழுக்கிறேன். சந்தோஷம் ஒன்றும் குறையவில்லை. ஒரு கேள்வி: இழுபறி விளையாடினால் முரட்டுத்தனம் வளரும் என்கிறார்களே?

---

நாலுகால்நட்பு | ஒன்பதாம் நாள், காலை 8:10

வாருங்கள் நண்டு சார் :) இழுபறி நல்ல ஆட்டம். ரெண்டு விதி: "விடு" என்றால் விட வேண்டும், விட்டால் மறுபடி கிடைக்கும். பல் கையில் பட்டால் கயிறு பைக்குள் போய்விடும். பால்பல் என்பதால் வெடுக்கென்று மேலே தூக்கி இழுக்காதீர்கள், பக்கவாட்டில் மெதுவாக.

இன்னொரு முன்னறிவிப்பு. நாலு மாதத்தை ஒட்டிப் பல் விழ ஆரம்பிக்கும், ஆறு ஏழு மாதத்தில் 42 நிரந்தரப் பல் வந்து நிற்கும். நடுவில் ஈறு நமநமவென்று கண்ட மரச்சாமானையும் கடிப்பான். "திரும்பவும் ஆரம்பிச்சுட்டான்" என்று இடிந்துபோக வேண்டாம். துணியை நனைத்து முறுக்கி உறைய வைத்துக் கொடுங்கள். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் பதியாத கடினமான பொருள் வேண்டாம், புதுப் பல் உடையும்.

---

கறார்பேர்வழி | பதினோராம் நாள், இரவு 10:48

அண்ணன் வீட்டுக்குப் புதுக் குட்டி வந்திருக்கு. ஒம்போது வாரம். இந்த இழையை அவனுக்கு அனுப்பினேன். என் பதிவை மட்டும் படிக்காதேன்னு சொல்லியிருக்கேன்.

---

பழையகயிறு | பதினோராம் நாள், இரவு 10:55

ரிப்பீட்டேய்!

---

தூக்கம்கெட்டவள் | மூன்று மாதம் கழித்து

வாலுவுக்கு அஞ்சரை மாசம். ரேபீஸ் ஊசி போட்டாச்சு, பொண்ணுக்கும் எல்லாத் தவணையும் முடிஞ்சது. அவ இப்போ சோபாவுல இருந்து இறங்கிட்டா, வாலுதான் ஏறிட்டான். நாலு மாசத்துல சொன்ன மாதிரியே மறுபடி ஆரம்பிச்சான், மேசைக் கால் ஒண்ணு போச்சு. கையில பல் பட்டே மூணு வாரம் ஆகுது. பட்டாலும் அவனே சட்டுனு விட்டுட்டு நக்குறான்.

ஒரு சந்தேகம். முன்பல்லு, கோரைப்பல்லு எல்லாம் மாறிடுச்சு. வீடு பூரா தேடினதுல ஒரே ஒரு பால்பல்தான் கிடைச்சது, பொண்ணு டப்பாவுல பத்திரமா வெச்சிருக்கா. மீதி எங்கே போச்சு?

---

வெள்ளைக்கோட்டு | அதே நாள், மாலை 6:40

வயிற்றுக்குள். பெரும்பாலும் விழுங்கிவிடும், ஒன்றும் செய்யாது. பழைய கோரைப்பல் விழாமல் புதியதோடு ஒட்டி இரட்டையாக நிற்கிறதா என்று மட்டும் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நின்றால் கூட்டி வாருங்கள், எடுக்க வேண்டியிருக்கும்.

---

தூக்கம்கெட்டவள் | அதே நாள், இரவு 7:15

பார்த்தேன் டாக்டர், இரட்டை இல்லை. உதட்டைத் தூக்க விட்டான்!